பெரிய சி, சின்ன சி

காலையிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. திரை முழுக்கப் பிழை, சிவப்புச் சிவப்பாக வரிகள், மேலே தள்ளத் தள்ளக் கீழிருந்து வந்துகொண்டே இருந்தன, கடைசியில் பார்த்தால் காரணம் ஒரே ஒரு எழுத்து. எழுத்துகூட இல்லை, எழுத்தின் உயரம். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இந்தக் கம்பெனியில் இருந்த யாரோ ஒரு புண்ணியவான் நூற்பாலை மெஷினுக்காக எழுதிய புரோகிராம் இது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் கோப்புப் பெயரையெல்லாம் கொட்டை எழுத்தில்தான் வைத்துக்கொள்ளும். பெயர் முடிந்து புள்ளி வைத்து வால் மாதிரி வருகிற சி-யும் பெரிய சி. அப்போதிருந்த கம்பைலர், நாம் எழுதியதைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றித்தருகிற மென்பொருள், அதைக் கண்டுகொள்ளவில்லை, பெரிய சியோ சின்ன சியோ வா உள்ளே என்று சேர்த்துக்கொண்டது. இப்போது எல்லாவற்றையும் லினக்ஸுக்கு மாற்றச் சொல்லி என் தலையில் கட்டியிருக்கிறார்கள். இங்கே இருக்கிற கம்பைலர் வாசலில் நின்று வாலைப் பார்க்கிறது. சின்ன சி என்றால் சி மொழி, சரி, உட்கார். பெரிய சி என்றால் சி பிளஸ் பிளஸ். அது அதே வம்சத்தில் வந்த வேறொரு மொழி, சட்டதிட்டம் ஜாஸ்தி. உள்ளே ஒரு கமாகூட மாறவில்லை, அதே வரிகள், அதே அடைப்புக்குறிகள், ஆனால் வாசலிலேயே ஆளை வேறு ஆளாக எடுத்துக்கொண்டுவிடுகிறது. பக்கத்து மேஜை ஷகிலா பானு எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் சி தானே மேடம், இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?" என்றாள். "ரெண்டும் சிதான். ஒண்ணு பெரிய வீடு, ஒண்ணு சின்ன வீடு" என்றேன். வாயில் வந்துவிட்டது. அவள் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள், நானும் சிரித்தேன், நான் எந்த வீடு என்று இந்த ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது. அதற்கப்புறம் அரை மணி நேரம் கழித்துத்தான் அந்தப் படம் ஃபோனில் வந்தது.

ஒன்று நாற்பதுக்கு வந்தது. தயிர்சாதத்தைப் பாதியில் மூடிவிட்டேன். அப்பா இறந்து இன்றோடு பதினைந்து நாள், நாளைக்குப் பழனியில் பதினாறாம் நாள் காரியம், அதற்கான பத்திரிகை. அனுப்பியது அவள், பெரிய வீட்டு மங்கை. ஒரு வார்த்தை எழுதவில்லை, வெறும் படம். மேலே விநாயகர், நடுவில் அப்பாவின் பழைய ஃபோட்டோ, பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தபோது அடையாள அட்டைக்கு எடுத்தது, காதுக்கு மேல் முடி கறுப்பாக. கீழே இப்படிக்கு என்று போட்டு, மனைவி பெயர், பெரியம்மாவின் பெயர் மட்டும், பிறகு மகன் த. குமரகுருபரன், பிறகு மகள் த. மங்கையர்க்கரசி. அவ்வளவுதான். ஒரு மகள். அது அவள். பெயர் என்னுடையதும்தான், தலைப்பெழுத்து என்னுடையதும்தான், ஆனால் அது அவள். எதற்கு எனக்கு அனுப்பினாள்? வா என்று கூப்பிடுகிறாளா? இல்லை, பார்த்துக்கொள், நீ இதில் இல்லை என்கிறாளா? இரண்டுக்கும் ஒரே படம்தானே. ஒரு வரி எழுதியிருந்தால் தெரிந்திருக்கும். படத்தைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, மறுபடி பெரிதாக்கி அந்தப் பெயரையே பார்த்தேன். போவதா வேண்டாமா என்று இன்று சாயங்காலத்துக்குள் முடிவு பண்ண வேண்டும், போவதென்றால் லீவு சொல்ல வேண்டும், என்னவென்று சொல்வது? ஷகிலாவிடம் அப்பா இறந்ததையே சொல்லவில்லை. சொன்னால், எங்கே, எப்போது, நாங்கள் ஏன் வரவில்லை என்று கேட்பாள்.

ஜன்னலுக்கு வெளியே பாலக்காட்டுக் காற்று ஆரம்பித்துவிட்டது. ஜூன் வந்தால் கோயம்புத்தூருக்கு இது ஒரு கொடுப்பினை, வெயில் அடிக்கும்போதே எங்கேயோ பெய்த மழையின் வாசனை வரும், மொட்டை மாடியில் யாரோ காயப்போட்ட போர்வை உப்பி உப்பி அடங்குகிறது. கண் சொருகுகிறது. திரையில் கம்ப்யூட்டர் என்னிடம் ஏதோ கேட்டுவிட்டு நிற்கிறது. எல்லாக் கோப்புகளின் வாலையும் பெரிய சியிலிருந்து சின்ன சிக்கு மாற்று என்று கட்டளை போட்டிருந்தேன், நூற்று முப்பதாவதில் நின்றுவிட்டது. அந்தப் பெயரில் சின்ன எழுத்தில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதாம். பிற்பாடு யாரோ எழுதிச் சேர்த்தது, பெயர் ஒன்றுதான், உள்ளே இருப்பது வேறு. பழைய கம்ப்யூட்டரில் இரண்டும் வேறு வேறு பெட்டியில், அதாவது ஃபோல்டரில், இருந்திருக்கும், ஒரே பெட்டியில் வைக்க அது விடாது, ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டு முதலில் இருந்ததை இல்லாமல் பண்ணிவிடும். இங்கே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம், தடையில்லை. ஆனால் வாலை மாற்றினால் பெரியது சின்னதன் மேல் ஏறிவிடும். ஏறட்டுமா என்று கேட்கிறது. ஆமாம் என்றால் ஒரு சத்தம் வராது, சின்னது இருந்த தடமே இருக்காது. அப்பா ரொம்பக் கவனமாக இருந்தார். பழனி வீட்டையும் உடுமலையில் எங்கள் வீட்டையும் ஒரே பெட்டியில் போட்டதே இல்லை. முப்பத்திரண்டு வருஷம், அந்த ரூட்டில் ஓடுகிற அத்தனை பஸ்ஸின் நேரமும் அவருக்கு மனப்பாடம், எது எங்கே எதை முந்தும் என்பதுகூட. இல்லை என்று தட்டினேன்.

தமிழ் எழுத்தில் பெரியது சின்னது கிடையாது. முதலாம் வகுப்பில் ஆங்கிலம் ஆரம்பித்தபோது எனக்கு அது புரியவே இல்லை, ஒரே ஒலிக்கு எதற்கு இரண்டு உருவம், டீச்சரிடம் கேட்டு முட்டி போட்டேன். நமக்குப் பெரியதும் சின்னதும் உறவில்தான். பெரியப்பா, சின்னப்பா, பெரியம்மா, சின்னம்மா, அப்புறம் பெரிய வீடு, சின்ன வீடு. மங்கையர்க்கரசி அப்பாவின் அம்மா பெயர். மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவள் பெயரை வைக்க வேண்டும், பழனியில் வைத்தார்கள், பதின்மூன்று வருஷம் கழித்து உடுமலையில் என் அம்மாவும் வைத்தாள். எதற்குமே வாய் திறக்காத பெண்மணி அந்த ஒன்றில் மட்டும் ஒற்றைக்காலில் நின்றாளாம். "என்ற புள்ளைக்கும் அவிய அம்மா பேருதான். அதுக்கு எனக்குப் பாத்தியம் இருக்குது." அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. அம்மா அதைத் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டாள். எனக்கு வயசு ஏற ஏற வேறு சந்தேகம். மனிதருக்கு அது வசதியாகத்தானே போயிருக்கும்? தூக்கத்தில் மங்கை என்று கூப்பிட்டாலும் எந்த வீட்டிலும் மாட்டிக்கொள்ள மாட்டார். நினைத்தால் சிரிப்பு வருகிறது. கோபமும் வருகிறது, இரண்டும் சேர்ந்து வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, நல்லவேளை ஷகிலா டீ வாங்கப் போயிருக்கிறாள். என்னைக் கூப்பிட்டபோதெல்லாம் அவர் யாரைக் கூப்பிட்டார்?

வாலை மாற்றுகிற வேலையே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இன்னொரு வழி இருக்கிறது. கம்பைலரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம், வாலைப் பார்க்காதே, எது வந்தாலும் சி என்றே எடுத்துக்கொள் என்று. சொன்னால் கேட்டுக்கொள்ளும். அதைச் சேர்த்து எழுதி ஓடவிட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, பிழை இல்லாமல் போகிறது, மொத்தமும் முடிய நாற்பது நிமிஷம் ஆகும், அதுவரை எனக்கு வேலை இல்லை, வரிகள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். காலையில் கத்தின அதே கோப்புகள்தான். காலையில் முதல் பிழையே நியூ என்கிற சொல்லில். பழைய ஆள் புதிதாக வந்த நூல்கண்டின் கணக்குக்கு நியூ என்றும் பழையதற்கு ஓல்ட் என்றும் பெயர் வைத்திருக்கிறார். சின்ன சியில் நியூ ஒரு சாதாரணச் சொல், யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் பெயராக வைத்துக்கொள்ளலாம். பெரிய சியில் அது ஒதுக்கிவைத்த சொல். அந்த மொழி தன் உபயோகத்துக்கென்று எடுத்து வைத்துக்கொண்டது, மற்றவர்கள் தொடக் கூடாது. தெரியாமல் தொட்டால் நீ யார், இங்கே இந்தச் சொல்லுக்கு என்ன வேலை என்று கேட்டுத் திரையைச் சிவப்பாக்கிவிடும். அந்த ஆளுக்கு என்ன தெரியும் பாவம், அவர் தன் வீட்டில் புழங்குகிற சொல் என்றுதான் எழுதியிருப்பார்.

ஒன்பது வயசு எனக்கு. பழனி பஸ் ஸ்டாண்ட், தைப்பூசத்துக்கு முந்தின வாரம், பாதயாத்திரைக் கூட்டம், பச்சை வேட்டிகள், எங்கே பார்த்தாலும் பஞ்சாமிர்த டப்பா. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஒலிபெருக்கியில் அப்பாவின் குரல். உடுமலை, பொள்ளாச்சி வழி கோயம்புத்தூர் செல்லும் பேருந்து இரண்டாவது தடத்தில் நிற்கிறது. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை, நம் வீட்டில் துண்டை விரித்துத் தரையில் படுக்கிற குரல் இத்தனை பேருக்கும் மேலே காற்றில் போகிறதே என்று. கையை உதறிக்கொண்டு ஓடினேன். கண்ணாடிக் கூண்டுக்குள் மைக் முன்னால் உட்கார்ந்திருந்தார். அப்பா என்று கூப்பிட்டேன். பெரிதாக, மூச்சு விட்டுக் கூப்பிட்டேன். அவர் திரும்பினார். திரும்பின முகம் எனக்குத் தெரிந்த முகம் இல்லை. பக்கத்தில் இருந்தவர், "யாருங்க அது?" என்றார். "தெரிஞ்சவிய வீட்டுப் புள்ளைங்க" என்றார் அப்பா. எழுந்து வந்து எனக்கு ஒரு பொட்டலம் கடலை மிட்டாய் வாங்கித் தந்தார், தலையில் கைவைத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "இங்கெல்லாம் அப்படிக் கூப்புடக் கூடாது கண்ணு. சார்னு சொல்லோணும்." உடுமலை எல்லை எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். அன்றிலிருந்து அந்த ரூட்டில் போகும்போதெல்லாம் நடுவில் வருகிற மடத்துக்குளம் தாண்டியதும் வாயை ஒரு தடவை மூடித் திறந்து பார்த்துக்கொள்வேன். இது நடந்தது நிஜமா, இல்லை பிறகு நானே கட்டிக்கொண்டதா, தெரியவில்லை, ஆனால் கடலை மிட்டாயின் வெல்லம் பல்லில் ஒட்டியது ஞாபகம் இருக்கிறது.

நூற்றுத் தொண்ணூறு. இருநூறு. சாவு அன்றைக்கு ஆபீஸிலிருந்து நேரே போய்விட்டேன், கழுத்தில் இருந்த அடையாள அட்டையைக் கழற்றக்கூட இல்லை. அம்மா வரவில்லை. "நான் வந்து எங்க நிக்கறது?" என்றாள், நெற்றிப் பொட்டை அழிக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை, குளிக்கும்போது போனது போனபடி விட்டுவிட்டாள். பழனியில் அந்தத் தெருவில் பந்தலுக்கு வெளியே நின்றேன். ஒரு பெரியவர் நாற்காலியைத் தள்ளி, "எந்த ஊருங்க அம்மணி?" என்றார். உடுமலை என்றேன். "டிப்போ ஆளுங்களா?" ஆமாம் என்று தலையாட்டினேன். அழக் கூடாது, டிப்போ ஆட்கள் அந்த அளவுக்கு அழ மாட்டார்கள். அப்போதுதான் அவள், பெரிய வீட்டு மங்கை, வந்தாள். நாற்பத்து நாலு வயசு, பள்ளிக்கூட டீச்சர், கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. பண்ணிக்கொள்ளவில்லை என்ன, நடக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் உடுமலைக் கதை காதில் விழுந்ததும் போய்விட்டார்களாம், அம்மா ஒரு தடவை அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். என்னால்தான். நான் ஒன்றும் பண்ணவில்லை, பிறந்தேன், அவ்வளவுதான், ஆனால் அவள் கணக்கில் என்னால்தான். அவள் என் எதிரில் நின்று என் முகத்தைப் பார்க்காமல் கழுத்து அட்டையைப் பார்த்தாள். அதில் என் பெயர் முழுக்கக் கொட்டை எழுத்து ஆங்கிலத்தில். மெதுவாகப் படித்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. "உன்ற நம்பரச் சொல்லு" என்றாள். சொன்னேன். போய்விட்டாள். நான் அவளை என்னவென்றும் கூப்பிடவில்லை, அக்கா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது, அந்தத் தெருவில் அந்தச் சொல்லுக்கு அனுமதி உண்டா என்று தெரியாமல் விழுங்கிவிட்டேன்.

அம்மா தினமும் கேட்கிறாள். "பத்திரிக்கை அடிச்சிருப்பாங்கல்ல? உன்ற பேரப் போட்டிருப்பாங்களா கண்ணு?" தன் பெயரைக் கேட்கவே இல்லை. இந்தப் படத்தை அப்படியே அவளுக்கு அனுப்பிவிட்டால்? கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு விரலை வைத்துப் படிப்பாள். மகள், த. மங்கையர்க்கரசி. தலைப்பெழுத்து சரி, பெயர் சரி, ஒரு புள்ளி தப்பில்லை. முப்பது வருஷம் காத்திருந்த ஒரு வரி. அதை எடுத்துக்கொண்டுபோய் எதிர்வீட்டில் காட்டுவாள். நான் பொய் சொன்னதாக ஆகுமா? நான் எதுவும் சொல்லவே இல்லையே, படம்தானே அனுப்பினேன். ஆனால் அது அவள் இல்லையா, அதாவது நான் இல்லையே. மறுபடி மறுபடி இங்கேயே வந்து முட்டிக்கொள்கிறேன். எனக்கு அந்த வரி வேண்டும். வேண்டாம் வேண்டாம் என்று இத்தனை நாள் நினைத்தது சும்மா, எனக்கு அது வேண்டும், அவருடைய பெயருக்குக் கீழே எங்கேயாவது ஒரு மூலையில், எவ்வளவு சின்ன எழுத்தில் என்றாலும் சரி. ஷகிலா டீயை வைத்துவிட்டு, "ஓடுதா மேடம்?" என்றாள். ஓடுது என்றேன். இருநூற்று எண்பது. காற்று நின்று போர்வை தொங்கிப் போயிருக்கிறது. கண்ணை மூடினால் தடம் எண் இரண்டு, தடம் எண் மூன்று, பழனி உடுமலை பொள்ளாச்சி, ஏதோ ஒரு பஸ்ஸுக்குள் நான் உட்கார்ந்திருக்கிறேன், கண்டக்டர் வந்து எங்கே போகிறாய் என்கிறார், எனக்கு ஊர்ப்பெயர் தெரியும், சொல்ல வாய் வரவில்லை.

ஃபோன் அதிர்ந்தது. அவள் நம்பர். எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன்.

"நாந்தான்" என்றாள். பின்னால் பள்ளிக்கூடச் சத்தம், பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கிறார்கள்.

"சொல்லுங்க."

"பத்திரிக்கை அனுப்பிச்சனே, பாத்தியா?"

"பாத்தேனுங்க."

"ஒண்ணுமே சொல்லல?"

"என்ன சொல்றதுன்னு தெரியலைங்க. உங்க பேரு போட்டிருந்துது, பாத்தேன்."

ஏழாம் வாய்ப்பாட்டைச் சத்தம் போடாம எழுதுங்கடா என்று பிள்ளைகளை அதட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"அது என்ற பேரு இல்ல."

எனக்குப் புரியவில்லை.

"பதினாலு வயசுல அந்த ஆளுகிட்டப் பேச்ச நிறுத்துனவ நானு. செத்ததுக்கப்புறம் மகள்னு அச்சடிச்சுக்கோணுமா? என்ற பேரப் போடக் கூடாதுன்னு குமரன்கிட்டச் சொல்லிட்டேன். மக பேரு இல்லாமப் பத்திரிக்கை எப்படிங்கிறான் அவன். அவரு மேல பாசமா இருக்கற மக ஒருத்தி இருக்கறா, அன்னிக்கு நாற்காலியில உக்காந்து அழுகாம அழுதுட்டு இருந்தாளே, அவ பேரப் போடுன்னேன். அவனுக்கென்ன, பேரு ஒண்ணுதானே, ஊருக்கு என்ன வித்தியாசம் தெரியப் போவுதுன்னு போட்டுட்டான். ஊரு எப்படியோ படிச்சுக்கட்டும். அது உன்ற பேருதான். அதச் சொல்லத்தான் அனுப்பிச்சேன், எழுத வரல எனக்கு."

அழுகை வந்துவிட்டது. பதினைந்து நாளாக வராமல் நின்றது, சத்தத்தோடு வந்தது, கீழே செக்யூரிட்டி அண்ணாந்து பார்த்தார்.

"நாளைக்கு நீங்க வரலீங்களா அக்கா?" என்றேன்.

"எனக்குப் பள்ளிக்கோடம் இருக்குது."

"அங்க வந்து நான் யாருன்னு சொல்றதுங்க? யாருக்கும் என்னயத் தெரியாதே."

"தெரியாட்டி என்ன? காலையில ஏழு மணிக்கெல்லாம் வந்துரு, உங்கம்மாவையும் கூட்டிட்டு வா. காரியத்துக்கு மகளைக் கூப்புடுங்க, மங்கை எங்க, மங்கை வரலியான்னு ஐயரு கேப்பாரு. வந்திருக்கறேன்னு சொல்லு."